ஒரு விட்டு ஒரு பஸ்

மே 5, திங்கள்

இந்த டைரி உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. நாலு மாதமாக இதன் மேல் பருப்பு டப்பா உட்கார்ந்திருந்தது. இன்றைக்குத்தான் தட்டித் துடைத்து எடுத்தேன். ஐந்தாவதோடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் வரும். யார் பார்க்கப் போகிறார்கள்?

போன வெள்ளிக்கிழமை பெரியாஸ்பத்திரியில் தொண்டை ஆபரேஷன். குரல் வருகிற இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி. பயப்படுகிற கட்டி இல்லையாம், கத்திக் கத்தி வந்ததாம். வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு வாரம் ஒரு வார்த்தை வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கிசுகிசுத்தால் இன்னும் மோசமாம். பழைய குரல் திரும்ப வருமா என்று கேட்டால், ஆறட்டும் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்குக் கடை, தராசு, போர்டு எல்லாமே அந்தக் குரல்தான். பார்க்கலாம் என்றால் எப்படி?

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சின்ன டாக்டரம்மா இருக்கிறது. முகம் பால்கோவா மாதிரி. அதுதான் சொன்னது, "பேசணும்னு தோணும்போதெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்கம்மா" என்று. நோட்டு தீர்ந்துபோகும் என்று எழுதிக் காட்டினேன். சிரித்தது.

"எதுக்கும்மா இவ்ளோ கத்துனீங்க?"

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பலாச்சுளை விற்கிறேன், பஸ் ஜன்னல் உயரம், நான் குட்டை என்று எழுதினேன்.

"அங்க வேற யாரும் விக்கலியா?"

ஒருத்தி இருக்கிறாள்.

"ஓ, உங்க ரைவலா?"

அப்படியென்றால் என்ன என்று புருவத்தைத் தூக்கினேன். போட்டியாளர் என்றது. போட்டியாளர் என்றால் சைக்கிள் ரேஸில் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. ரைவல் நன்றாக இருந்தது. மறந்துபோகாமல் இருக்க உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

எங்க வீட்டுக்காரர் ஏகாம்பரம் சேதி கேட்டதும், "ரெண்டு வாரமா! எந்தச் சாமிடி குடுத்துது?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். டிவியைப் போட்டுக் காலை நீட்டினார். ஒரு மணி நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, "என்னா, ஒண்ணுமே சொல்லலியா?" என்று நின்றார்.

மே 6, செவ்வாய்

இன்றைக்கு நாற்பது தடவை வாயைத் திறந்து மூடினேன். மீன் மாதிரி இருக்கிறது என்றார் வீட்டுக்காரர். என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில். வீணாய்ப் போயிற்று.

மே 8, வியாழன்

பலா சீசன் என் தொண்டைக்காகக் காத்திருக்குமா? கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கழுத்தில் சிலேட்டு. "தொண்டை ஆபரேஷன். பேச முடியாது. சுளை தேன்." கடைசி இரண்டு வார்த்தைதான் முக்கியம், அதைப் பெரிதாக எழுதினேன்.

எங்கள் வழக்கத்தை எழுதிவைக்கிறேன். கடலூர் பஸ்கள் நிற்கிற இடத்தில் எதிரெதிராக இரண்டு தூண். இந்தத் தூண் நான். அந்தத் தூண் தவமணி, அதாவது என் ரைவல். ஒரு விட்டு ஒரு பஸ். ஒன்று அவளுக்கு, அடுத்தது எனக்கு. அவள் பஸ் நிற்கும்போது நான் எழுந்திருக்க மாட்டேன். என் பஸ்ஸில் இருக்கிற ஆள் அவளைக் கைதட்டிக் கூப்பிட்டாலும் அவள் வர மாட்டாள், விரலால் என் தூணைக் காட்டுவாள். முந்தின நாள் கடைசி பஸ் அவளுடையது என்றால் மறுநாள் முதல் பஸ் என்னுடையது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. டீக்கடை ஜமால் பாய் நடுவில் நின்று சொன்னது, பத்தொன்பது வருஷமாக ஒரு பஸ் பிசகியதில்லை.

பத்தொன்பது வருஷமாக நாங்கள் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

அவள் கூவ மாட்டாள். அலுமினியத் தட்டில் கத்திப் பிடியால் தட்டுவாள். டங் டங், டங் டங். அதற்கே ஜன்னல்கள் திறக்கும். அவள் ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சில பேருக்கு அப்படி ஒரு வீம்பு.

இன்றைக்கு வியாபாரம் சரியில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று கூடையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். ஒரு தாத்தா சிலேட்டைப் படித்துவிட்டு என் காதில் "எவ்வளோம்மா?" என்று கத்தினார். தொண்டைக்குத்தான் ஆபரேஷன், காதுக்கில்லை. அதை எழுதி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

மே 9, வெள்ளி

நாலு இருபது கடலூர் பஸ்ஸில் ஜெசிந்தா டீச்சர் போவார். இங்கிலீஷ் டீச்சர். லீவு மாதத்திலும் பேப்பர் திருத்தவோ எதற்கோ வந்து போகிறார். அவருடைய கொட்டையெடுத்த சுளை என்னிடம்தான். சிலேட்டில் கேட்டேன்: ரைவல் என்றால் விரோதியா?

படித்துவிட்டு டீச்சர் சிரித்தார். "யாருக்குப் பூங்காவனம்மா பேர் வைக்கப் போறீங்க?"

கண்ணால் எதிர்த்தூணைக் காட்டினேன்.

"விரோதி வேற, ரைவல் வேற. விரோதின்னா உங்க கூடையில மண்ணப் போடறவ. ரைவல்னா உங்களோட அதே ஜன்னலுக்கு ஓடி வர்றவ. ரெண்டு கட்சி, ரெண்டு ஜவுளிக்கடை, ஒரே பொண்ணப் பாக்குற ரெண்டு மாப்பிள்ளை, எல்லாம் ரைவல்தான்."

வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று எழுதுவதற்குள் டிரைவர் ஆரன் அடித்தார். நாளைக்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறிவிட்டார்.

மே 10, சனி

புதுச் செருப்பு போட்ட மாதிரி அந்த வார்த்தையைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். குழாயடியில் எனக்கு முன்னால் குடம் வைத்தவள் ரைவல். வாசல் கருவாட்டுக்குக் காக்காயும் பூனையும் ரைவல். என்னைப் பெண் கேட்டு வந்த மாமா மகன் எங்க வீட்டுக்காரருக்கு ரைவல். இதை எழுதிக் காட்டினேன். "அவன் பொழைச்சான்" என்றார். சிலேட்டால் தலையில் ஒன்று போட்டேன். பேச்சை விட இது சௌகரியம்.

மே 12, திங்கள்

டீச்சர் ஒரு துண்டுப் பேப்பரோடு வந்தார். இன்றைக்கு நாலு இருபது தவமணியின் பஸ். நான் எழுந்திருக்கவில்லை என்று பார்த்து டீச்சரே இறங்கி என் தூணுக்கு வந்துவிட்டார்.

"லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல ஓடைக்கு ரீவுஸ்னு பேரு. ஒரே ஓடையில இந்தக் கரையிலயும் அந்தக் கரையிலயும் தண்ணி எடுத்துப் பொழைக்கிறவங்கள அந்த ஓடைப் பேரச் சொல்லியே கூப்புட்டாங்க. அதுலேருந்து வந்ததுதான் ரைவல். தண்ணிக்காக அடிச்சிக்கிட்டுக் கோர்ட்டு வரைக்கும் போயிருக்காங்க அந்தக் காலத்துலயே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டையில் சத்தம் வரும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கப்பாவுக்கும் பக்கத்துக் கொல்லை சின்னையனுக்கும் ஏரித் தண்ணீரில் ஆளுக்கு ஒரு பகல் முறை. வாரத்துக்கு ஒரு தரம் மண்வெட்டியோடு நிற்பார்கள். அப்பா காய்ச்சலில் கிடந்தபோது எங்கள் முறைக்கு மடை திறந்துவிட்டது சின்னையன்தான். ஏன் திறந்தாய் என்று அப்பா அதற்கும் சண்டை போட்டார்.

எங்களுக்கு ஓடை எது? பஸ்தான். நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு கரையில் இரண்டு கிழவிகள். கிழவி என்று தவமணியைச் சொன்னேன். எனக்கு நாற்பத்தொன்பதுதான்.

மே 13, செவ்வாய்

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். முதல் மூன்று வருஷம் நானும் அவளும் கூட்டு. ஒரு பழத்தை இரண்டு பேர் சேர்ந்து எடுப்போம். மண்டியில் அவள் ஒவ்வொரு பழமாக விரலால் தட்டுவாள், காதை வைப்பாள். இது நாளைக்கு, இது இன்றைக்கு, இது ஆகாது. தப்பியதே இல்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவள் பிளந்தால் சுளையில் ஒரு நார் ஒட்டாது. உரித்துத் தருவது அவள், கூவி விற்பது நான். அவளுக்குக் கை, எனக்கு வாய். மத்தியானம் ஒரே தூக்கில் சாப்பிடுவோம். நான் சொல்கிற கதைக்கு அவள் புரை ஏறச் சிரிப்பாள்.

அப்புறம் பிரிந்துவிட்டோம். ஏன் என்பது பெரிய கதை. கையெல்லாம் பலாப் பிசின், பேனா ஒட்டுகிறது.

மே 14, புதன்

எண்ணெய் போட்டுக் கழுவியும் பிசின் போகவில்லை. இன்றைக்கு எழுதவில்லை.

மே 15, வியாழன்

என் பஸ். ஜன்னலுக்குக் கீழே நின்று கூடையைக் காட்டுகிறேன், விரலைக் காட்டுகிறேன், உதட்டைக் குவித்துத் தேன் தேன் என்கிறேன். பின் சீட்டில் ஒருத்தன், நல்ல சட்டைக்காரன், எழுந்து நின்று என்னை மாதிரியே செய்தான். கண்ணை உருட்டி, வாயைக் குவித்து, கையை ஆட்டி. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் செய்தான். ஆளுக்குத் திறமை உண்டு.

திரும்பி வந்து உட்கார்ந்தால் எதிர்த்தூணில் தவமணி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. "தொண்ட வலிக்குதாடி?" என்று கேட்டார் வீட்டுக்காரர். தலையாட்டினேன். அதுவே சுலபம்.

தவமணிக்குப் பேச்சு கொஞ்சம் தடுக்கும். ஒரு எழுத்தில் நின்றுவிடும், தள்ள வேண்டும். கூட்டாக இருந்த வருஷத்தில் எனக்கு அம்மை போட்டுப் பத்து நாள் படுத்துவிட்டேன். பழம் அழுகுமே என்று அவளே எழுந்து கூவியிருக்கிறாள். நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பி வந்த அன்றைக்குத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ப... ப... பலா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். நான்தான் கூடையைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த ஜன்னலில் அவளை மாதிரியே "பபபபலா" என்று கூவினேன். பஸ்ஸே சிரித்தது. கூடை காலியாகிவிட்டது.

ஒரே ஒரு தடவை. விளையாட்டுக்கு.

மே 19, திங்கள்

ஆஸ்பத்திரி. குழாய் விட்டுப் பார்த்தார்கள். சின்ன டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டது. நல்ல சேதி என்றால் நின்றுகொண்டே சொல்லியிருக்கும்.

"இன்னும் செவப்பா இருக்கும்மா. மேற்கொண்டு ரெண்டு வாரம் பேசாதீங்க. அப்புறம் மெதுவா, அளவாப் பேசலாம். ஆனா கூவக் கூடாது."

எத்தனை நாளைக்கு என்று எழுதினேன்.

"இனிமே கூவக் கூடாதும்மா. கூவுனா மறுபடி கட்டி வரும். அப்ப இந்த அளவு கூட மிஞ்சாது."

சிலேட்டைத் துடைத்தேன். ஒரு பூ வரைந்து காட்டினேன். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மே 20, செவ்வாய்

கூவாத பூங்காவனத்துக்குப் பஸ் ஸ்டாண்டில் என்ன பேர் வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நானாயிருந்தால் நல்லதாக ஒன்று வைப்பேன்.

ஜமால் பாய் டீயைக் கையில் கொடுத்து, "கேள்விப்பட்டேன்மா. வீட்டுக்காரர் சொன்னாரு" என்றார். எங்க வீட்டு மனுஷனுக்குத் தொண்டையில் கட்டி வராதா?

மே 23, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மத்தியானம் பஸ் இல்லாத நேரம். தவமணி எழுந்து என் தூணுக்கு வந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் இரண்டு தூணுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பன்னிரண்டு அடியைத் தாண்டியதில்லை. கிட்டத்தில் பார்த்தால் முடியெல்லாம் வெளுத்திருக்கிறது. வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். அலுமினியத் தட்டை என் மடியில் வைத்தாள். அதன் மேல் கத்தியை வைத்தாள். நின்றாள்.

இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு டாக்டர் சொன்னது. அவளுக்கு, சரி, அதை விடு.

பஸ் ஸ்டாண்டில் தட்டை யார் தட்டுவார்கள்? கண் தெரியாதவர், கால் இல்லாதவர். குரல் போயிற்று, இனிமேல் இதை ஏந்து என்று சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பத்தொன்பது வருஷம் காத்திருந்து, தேடிப் பிடித்துக் குத்துகிறாள் என்று நினைத்தேன். நானாயிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஒருவருக்கு வாய் போனால் அதை வைத்து ஒரு கேலி செய்யாமல் என்னால் இருக்க முடியாது.

சிலேட்டைத் துடைத்துப் பெரிதாக எழுதினேன்: "நான் இன்னும் பிச்சைக்காரி ஆகவில்லை."

அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். தட்டையும் கத்தியையும் தரையில் வைத்து அவள் பக்கம் தள்ளிவிட்டேன். சத்தம் போட்டுக்கொண்டே போயிற்று. டீக்கடையில் நாலு பேர் திரும்பினார்கள். குனிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசி பஸ் அவளுடையது. தட்டவில்லை. ஏறிப் போய்விட்டாள்.

சிலேட்டில் கூட நான் நன்றாகத்தான் பதில் சொல்கிறேன். அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன். பாதி வழிதான் அது இருந்தது.

மே 24, சனி

தவமணி வரவில்லை. கோபம்.

மே 26, திங்கள்

இன்றைக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பஸ் அவளுடையது, அதனால் சனிக்கிழமை முதல் பஸ் எனக்கு. இரண்டாவது அவளுக்கு. இப்படியே இரண்டு நாளாக மனக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பஸ் வந்து நின்றது. ஜன்னலில் ஒரு அம்மா கையை நீட்டிக் கூப்பிட்டாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. விரலால் எதிர்த்தூணைக் காட்டினேன். தூணில் ஒரு நாய் படுத்திருந்தது. அந்த அம்மா நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பஸ் போய்விட்டது.

மே 27, செவ்வாய்

பாயிடம் எழுதிக் காட்டினேன்: தவமணிக்கு உடம்பா?

பாய் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "உன்கிட்ட சொல்லலியா? சொல்லிட்டுப் போறன்னுதானே அன்னைக்கு உங்கிட்ட வந்தா."

எங்கே என்று கையை விரித்தேன்.

"திருப்பூருக்கு. மவன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான். மணிக்கட்டு போயிடுச்சும்மா அவளுக்கு. பழம் பொளக்க முடியல. வெள்ளிக்கிழமதான் கடைசி."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"உன் கொரல் இனிமே வராதுன்னு நான்தான் சொன்னேன். கேட்டுட்டு அந்தாண்ட திரும்பிக்கிட்டா. அப்புறமா வந்து, 'அவளுக்குத் தட்டு வேணும் பாய், என்னுத குடுத்துட்டுப் போறன்'னா. அத சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு டீ ஆறிப்போச்சு."

கடைக்குள் போய்த் துணியில் சுற்றின ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பிரிக்காமலேயே தெரிந்தது.

"நீ ஏதோ எழுதிக் காமிச்சியாமே. அவளுக்குப் படிக்கத் தெரியாது. எங்கிட்ட வந்து 'அவ என்னா எழுதுனா பாய்?'ன்னு கேட்டா. நான் எங்கம்மா பாத்தேன்? நல்லா இருன்னு எழுதியிருப்பான்னு சொன்னேன்."

பாயைப் பார்த்தேன்.

"சிரிச்சா. அப்புறம், 'அப்ப தட்ட ஏன் தள்ளுனா?'ன்னா. நீயே வெச்சுக்கன்னு தள்ளியிருப்பான்னேன். 'அவளுக்குத்தான் வேணும்'னு இங்க வெச்சிட்டுப் போயிட்டா. என்னாம்மா எழுதுன?"

நல்லா இரு என்றுதான் எழுதினேன் என்று தலையாட்டிவிட்டேன்.

மே 28, புதன்

இந்த டைரியில் இரண்டு பொய் இருக்கிறது. யாரும் படிக்காத டைரியில் பொய் எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவள் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது என்று எழுதியது ஒன்று. ஒரே ஒரு தடவை என்று எழுதியது இன்னொன்று.

இரண்டு சீசன். கூடை காலியானதால் மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும். கண்டக்டர்கள் கேட்டு வாங்கினார்கள், "யக்கா, அந்த பபபலாவ ஒரு வாட்டி எடுத்து வுடு" என்று. எடுத்து விட்டேன். அது அவள் பேராகிவிட்டது. அவள் மகனை இஸ்கூலில் பபபலா மகன் என்றார்கள். என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் சுளை உரித்துக்கொண்டே இருந்தாள். அவள் உரிப்பாள், நான் அவளை வைத்து விற்பேன், மத்தியானம் ஒரே தூக்கில் சாப்பிடுவோம். சிரிக்கிறாளா என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சிரிக்காமல் என்ன, என் கதைக்கு எப்போதும் சிரிக்கிறவள்தானே என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் பாத்திரம் கழுவுகிற இடத்தில், யாரும் இல்லாதபோது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வே... வே... வேணாம் பூங்காவனம்" என்றாள்.

"வே... வே... வேணாமா?" என்றேன் நான்.

அது வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. இருமல் மாதிரி வந்துவிட்டது. பார்க்க அங்கே யாரும் இல்லை, சிரிக்கவும் யாரும் இல்லை. இருந்தும் சொன்னேன்.

அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் வாயையே திறக்கவில்லை. மறுநாள் தனியாக ஒரு பழம், ஒரு தட்டு, எதிர்த்தூண். கூட்டை முறித்தவள் அவள் என்று ஊரெல்லாம் சொன்னேன். அப்போது என் குரல் நன்றாக எடுபடும்.

மே 29, வியாழன்

"என்னாடி, கண்ணு வீங்கியிருக்கு?" வீட்டுக்காரர் கேட்டார்.

ரைவல் ஊருக்குப் போய்விட்டாள் என்று எழுதிக் காட்டினேன்.

"அப்ப நல்லதுதானே. எல்லா பஸ்ஸும் உனக்குத்தான்."

டைரியை இழுத்து மூடிவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

ஜூன் 2, திங்கள்

ஆஸ்பத்திரி. சிவப்பு போய்விட்டதாம். சின்ன டாக்டரம்மா, "ஏதாவது மெதுவாச் சொல்லுங்கம்மா, உங்க பேரச் சொல்லுங்க" என்றது.

ஒரு மாதமாக இதற்காக எத்தனையோ வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன். "பூங்காவனம்" என்று மட்டும் சொன்னேன். யாரோ ஒரு ஆண்பிள்ளை பக்கத்து அறையில் பெட்டியை நகர்த்துகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

"இதான் இனி உங்க குரல். பழகிக்குவீங்க." ஒரு நாளைக்கு மொத்தம் பத்து நிமிஷம். போன் பேசுவதைத் தள்ளிப்போடச் சொன்னது.

வீட்டுக்காரரிடம் அந்தக் குரலில் "சாப்டியா?" என்றேன். ஆள் எழுந்து நின்றுவிட்டார்.

ஜூன் 4, புதன்

பாயிடம் தவமணி மகனுடைய நம்பர் இருந்தது. மூன்று நாளாகப் பத்து நிமிஷத்தைச் செலவு பண்ணாமல் சேர்த்து வைத்தேன். என்ன சொல்வது என்று சிலேட்டில் எழுதிப் பார்த்தேன். மன்னித்துவிடு என்பது சினிமா மாதிரி இருந்தது. அழித்தேன். நான் பண்ணியது தப்பு. அழித்தேன். பிச்சைக்காரி என்று எழுதினேனே, அதைச் சொல்வதா, பாய் சொன்ன பொய்யே இருக்கட்டும் என்று விடுவதா? அழித்து அழித்துச் சிலேட்டு வெளுத்துவிட்டது.

பதினோரு மணி, பஸ் இல்லாத நேரம். தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு போட்டேன். மருமகள் எடுத்தது. பண்ருட்டியிலிருந்து என்று மட்டும் சொன்னேன். "அத்தை, ஊருலேருந்து போனு" என்று கொடுத்தது.

மூச்சு கேட்டது. அவள் பேச ஆரம்பிக்க மாட்டாள் என்று தெரியும். நான்தான் ஆரம்பிக்க வேண்டும்.

"தவமணி" என்றேன்.

பெட்டி நகர்கிற சத்தம்.

"யா... யாரு?"

"நான்தான்."

"யாரு?"

அவளுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் தினம் கேட்ட குரல் வேறே. அதுதான் அவளை வைத்து விற்ற குரல், அது போய்விட்டது. மன்னிப்புக் கேட்க நான் கொண்டுவந்திருக்கிற குரலை அவள் கேட்டதே இல்லை. யாரோ ஒரு ஆண்பிள்ளை தப்பாகப் போன் போட்டு நான்தான் நான்தான் என்கிறான். வைத்துவிடுவாளோ என்று பயம் வந்துவிட்டது.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டை எடுத்தேன். கத்திப் பிடியால் தட்டினேன். டங் டங். டங் டங்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தமும் நின்றுவிட்டது.

"தவமணி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். கரகரவென்று உடைந்தது. இருமினேன். மறுபடி, "நான் வந்து, ரெண்டு சீசனா..."

"பே..." என்றாள்.

நின்றேன். தள்ளுகிறாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் இப்படி ஒருநாள் கூடக் காத்திருந்ததில்லை. அவள் பாதியில் நிற்கும்போதெல்லாம் மீதியை நானே சொல்லிவிடுவேன், எல்லோரும் சிரிக்கிற மாதிரி. இன்றைக்கு என்னிடம் மீதி இல்லை. காத்திருந்தேன். ஒரு விழுப்புரம் வண்டி உள்ளே வந்து, ஆள் இறக்கி, வெளியே போயிற்று.

"பே... பேசாத பூங்காவனம். தொண்ட போயிடும்."

போனை வைத்துவிட்டாள்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவேயில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. பேசினால் எனக்குத் தொண்டை போய்விடும் என்று எடுக்காமல் இருக்கிறாளா, வேறு எதற்கா என்று இங்கேயிருந்து எப்படித் தெரியும்? சேர்த்து வைத்ததில் முக்கால்வாசி நிமிஷம் அப்படியே மிச்சம்.

ஜூன் 9, திங்கள்

டங் டங் என்று எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. வீட்டுக்காரர் பித்தளைக் கடை மாதிரி இருக்கிறது என்கிறார். பிடியை எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்கலாமென்றால் கேட்க ஆள் இல்லை.

ஜெசிந்தா டீச்சர் வந்தார். நாலு இருபது இன்றைக்குத் தவமணியின் பஸ். டீச்சர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "பூங்காவனம்மா, சுளை இல்லையா?" என்றார்.

கூடை நிறைய இருந்தது. ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. விரலால் எதிர்த்தூணைக் காட்டினேன்.

டீச்சர் அந்தத் தூணைப் பார்த்தார். கண்டக்டர் பார்த்தார். "யக்கா, அந்தம்மாதான் ஊருக்குப் போயிடுச்சே" என்றார்.

தெரியும் என்று தலையாட்டினேன். பஸ் கிளம்பிப் போனது. தட்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு எழுந்து நின்றேன். அது என்னுடையது.